ஒரு டஜன் முட்டையும் ஒரு திறந்த மனசும்

“திறந்த மனசுங்கறது நாத்திகனுக்கு மட்டுமே உள்ள சொத்து. இது என் கருத்து இல்ல, மனித குலத்தோட முடிவு,” என்றான் பாவோ, இறுக்கி மூடிய ஜன்னல் வழியாக மழையைப் பார்த்தபடி.

கெண்ட் நகர மாணவர்களின் பகுத்தறிவு மன்றத்துக்கு அவன் தலைவன். மனித குலத்தின் சார்பாகப் பேசுவது அவனுக்குப் பழகிவிட்டது.

அன்னலீஸ் ஒரு டஜன் முட்டை இருந்த அட்டைப் பெட்டியை மேஜைமேல் வைத்தாள்.

“ரொம்ப சந்தோஷம். அந்தத் திறந்த மனசோட இதைக் கொண்டுபோய் கிளாரா மடத்துல குடுத்துட்டு வா.”

“எதுக்கு?”

“தெரியாத மாதிரி கேக்காதடா. கல்யாணத்துக்கு முன்னாடி அங்க சிஸ்டருங்களுக்கு முட்டை குடுத்தா, கல்யாணத்தன்னிக்கு மழை வராது. எங்க குடும்பத்துல எல்லாரும் குடுத்திருக்காங்க.”

சனிக்கிழமை இவர்களுக்குக் கல்யாணம். இன்று வியாழன். திங்கட்கிழமை பிடித்த மழை இன்னும் விடவில்லை.

வேறு யாருடைய கல்யாணமாக இருந்தாலும் மண்டபத்துக்குள் ஒதுங்கிக்கொள்ளலாம். ஆனால் பாவோவின் அம்மா ஹில்டா நாலு மாதமாக மருத்துவமனையில் இருந்தாள். தொற்று வந்துவிடும், கூட்டமான அறைக்குள் அவளை விடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மழை இல்லையென்றால், மருத்துவமனைத் தோட்டத்தில் ஒரு மணி நேரம் உட்காரலாம். அதனால்தான் மோதிரம் மாற்றுவதை அந்தத் தோட்டத்திலேயே வைத்திருந்தார்கள். மழை பெய்தால் அவள் மூன்றாவது மாடிக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து மகனுடைய கல்யாணத்தைப் பார்க்க வேண்டியதுதான்.

“முட்டை குடுத்தா மழை நிக்கும்னா, ஊர்ல இருக்கற கோழியெல்லாம் வானிலை ஆய்வு மையத்துல இல்ல வேலை பார்க்கணும்?” என்றான் பாவோ.

“செஞ்சு பார்க்காமலே சிரிக்கறதுதான் திறந்த மனசா?”

“மனசுக்குக் கதவு இருந்தா, வாசல்ல ஒரு காவல்காரனும் வேணும், அன்னா. வர்றதையெல்லாம் உள்ள விட முடியாது.”

“உன்கிட்ட காவல்காரன் மட்டும்தான் இருக்கான். பின்னாடி கதவே இல்ல, சுவருதான். நம்ம ஊர்ப் பேராலயத்துக்கும் உனக்கும் ஒரே பேரு, அதை மட்டும் மறந்துடாத.”

“பேரு வச்சது அம்மா. என்னைக் கேக்கல.”

சொல்லிவிட்டு, மேற்கொண்டு வாதிடாமல், பெட்டியிலிருந்து மூன்று முட்டைகளை எடுத்து உடைத்து, வெங்காயம் போட்டு ஆம்லெட் செய்து, அவள் கண்ணெதிரே சாப்பிட்டான்.

“பகுத்தறிவு நல்லா இருக்கு. உப்புதான் கொஞ்சம் கம்மி.”

“மிச்சத்தைத் தொட்டே, சனிக்கிழமை வேற மாப்பிள்ளை தேடிப்பேன். நாளைக்கு ஸ்கூல் விட்டதும் நானே கொண்டுபோறேன்.”

மறுநாள், தான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்திலிருந்து நனைந்துகொண்டே ஓடிவந்த அன்னலீஸ் பெட்டியைத் திறந்தாள். காலி.

பாவோ அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர்மேல் ஷூவைக் காயப்போட்டுவிட்டு, சோபாவில் படுத்திருந்தான்.

“முட்டை எங்கடா?”

“சாப்பிட்டுட்டேன்.”

“ஒன்பதையுமா?”

“திறந்த மனசு உள்ளவனுக்கு வயிறும் திறந்துதான் இருக்கும்.”

அவள் கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். வேறு முட்டை வாங்கிக்கொண்டு போவதற்குள் மடத்தின் கதவை அடைத்துவிடுவார்கள்.

“உங்கம்மாவுக்காகத்தான்டா கேட்டேன்,” என்றாள். பாவோ கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை காலையிலும் கொட்டியது. நகர மன்றத்தில் கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் குடையோடு வெளியே வந்தார்கள். மருத்துவமனை வாசலில் இறங்கும்போது குடை தேவைப்படவில்லை. தோட்டத்துக்குள் நுழைந்தபோது, ஈரப் புல்மேல் வெயில் விழுந்தது.

நர்ஸ் ஹில்டாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தாள். ஹில்டா முதல் வேலையாகத் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். புதிதாக முளைத்திருந்த முடிமேல் வெயில் படட்டும் என்று முகத்தை நிமிர்த்திக்கொண்டாள். மோதிரம் மாற்றியபோது எல்லோரையும்விட அவள்தான் பலமாகக் கை தட்டினாள். கேக்கில் இரண்டாவது துண்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

“கண்ணு, யாருடா இந்த மழையை நிறுத்தினது?”

“காற்றழுத்தத் தாழ்வு வடகடல் பக்கம் நகர்ந்துடுச்சும்மா. வெறும் இயற்பியல்.”

“இருக்கட்டும். அந்த இயற்பியல் வீட்டுக்கு ஒரு நடை போய், ஹில்டா ரொம்ப நன்றி சொன்னான்னு சொல்லிட்டு வந்துடு.”

எல்லோரும் சிரித்தார்கள். பாவோ குனிந்து அம்மாவின் கால்மேல் இருந்த போர்வையைச் சரிசெய்தான். நெடுநேரம் சரிசெய்தான்.

திங்கட்கிழமை, “மன்றத்துல கூட்டம். தலைப்பு மூடநம்பிக்கை. நான்தான் தலைமை,” என்று சொல்லிவிட்டு அவன் கிளம்பினான்.

அவன் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்து, அன்னலீஸும் கிளம்பினாள். முட்டை கொடுக்காமலே வெயில் கிடைத்துவிட்டது. நன்றியாவது சொல்ல வேண்டாமா? வழியில் ஒரு டஜன் வாங்கிக்கொண்டாள். இது அவனுக்குத் தெரிந்தால் ஒரு வருஷத்துக்குச் சிரிப்பான்.

மடத்துச் சந்துக்குள் திரும்பியவள் சட்டென்று சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

கதவுக்கு முன்னால், தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் குவித்து எதையோ பத்திரமாக நீட்டியபடி, பாவோ நின்றிருந்தான்.

“வெள்ளிக்கிழமை மழையில வந்தப்ப ஒன்பதுதான் குடுத்தேன், சிஸ்டர்,” என்றான் மெதுவாக. “இது பாக்கி மூணு. எங்கம்மா உங்களுக்கு ரொம்ப நன்றி சொல்லச் சொன்னாங்க.”