வந்து சேரட்டும்

“மாமி தூங்கறாங்க. எழுப்பட்டுங்களா?” என்று ஷாஸியா போனில் கேட்டாள்.

“வேண்டாம், தூங்கட்டும்” என்றான் அனீஸ். சங்ககிரி தாண்டிவிட்டதாகவும், சாயங்காலம் அஞ்சு மணிக்குள் திருப்பூர் வந்துவிடுவதாகவும் சொல்லிவிட்டு வைத்தான்.

ஷாஸியா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமியார் சைதுன்னிசாவின் கட்டிலைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்து இன்றோடு இருபத்து மூன்று நாள் ஆகிறது.

அனீஸ் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு காஷ்மீர் போய், ஸ்ரீநகரிலிருந்து மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் மிதித்தே ஊர் திரும்ப வேண்டும் என்பது அவனுடைய பல வருஷத்து ஆசை. கிளம்பியும் விட்டான். அவன் நாக்பூரை நெருங்கிய அன்று விடியற்காலையில் சைதுன்னிசாவுக்கு நெஞ்சு வலித்தது.

ஆஸ்பத்திரியில் அவர் மருமகளின் கையை விடவே இல்லை. தனக்கு எதுவும் ஆகிவிட்டால் மகனிடம் சொல்லக் கூடாது என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார். அத்தா இறந்தபோது அனீஸ் ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தினான். துபாயில் வேலை கிடைத்தபோதும் அம்மாவைத் தனியே விட மனசில்லாமல் கடைசி நேரத்தில் போகாமல் இருந்துவிட்டான்.

“எனக்காக அவன் பாதியில வுட்டதெல்லாம் போதும் கண்ணு. இதையாவது முடிச்சுட்டு வந்து சேரட்டும்.”

மத்தியானம் அவர் மூச்சு அடங்கியது. சாயங்காலத் தொழுகைக்கு முன்பே பள்ளிவாசல் மையவாடியில் அடக்கமும் முடிந்தது. அவருடைய தம்பி ராஜா முகமது தெருவில் ஒவ்வொரு வீடாக ஏறி, கம்பெனிக்கும் போய், யாரும் அனீஸுக்குச் சொல்லிவிட வேண்டாம் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அதுவரை அனீஸ் எப்போது கூப்பிட்டாலும் முதல் வார்த்தை ‘அம்மாகிட்ட குடு’ என்பதுதான். அன்றைக்கு, அம்மா மாத்திரை போட்டுத் தூங்குவதாக ஷாஸியா சொன்னாள். மறுநாள் தொண்டை கட்டிக்கொண்டு பேச முடியவில்லை என்றாள். மூன்றாம் நாளிலிருந்து அவன் கேட்கவே இல்லை.

பொய் சொல்ல வேண்டியதில்லை என்று அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் நாளாக ஆகக் கோபமும் வந்தது. பெற்றவளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் இருபது நாள் ஒரு மனுஷனால் எப்படி இருக்க முடிகிறது? அதனால்தான் இன்று அவளாகவே பேச்சை எடுத்துப் பார்த்தாள்.

அவன் வேகமும் குறைந்துபோயிருந்தது. நாளுக்கு நூற்று முப்பது கிலோமீட்டர் மிதித்தவன், நாக்பூர் தாண்டியதும் அறுபதோடு நிறுத்திக்கொண்டான். இருபத்தைந்து நாளில் வந்திருக்க வேண்டியவன் முப்பத்தேழாம் நாள்தான் வருகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனோடு சைக்கிள் ஓட்டும் தரணீதரன், முட்டி வலியாக இருக்குமுங்க என்று அவளுக்குச் சமாதானம் சொன்னார்.

நாலே முக்காலுக்கு, எல்லோரும் காத்து நின்ற ஊத்துக்குளி ரோட்டில் அனீஸ் தெரிந்தான். வெயிலில் கறுத்து, கன்னம் ஒட்டி, அடையாளமே மாறியிருந்தான். தரணீதரனும் நண்பர்களும் மாலை போட்டார்கள், கைதட்டினார்கள். ஏழு வயது மகள் அல்ஃபியா ஓடிப்போய் அவன் காலைக் கட்டிக்கொண்டாள். குழந்தையிடம் வீட்டில் எதையும் மறைக்க முடிந்ததில்லை. அத்தாவிடம் இன்னும் எதுவும் சொல்லக் கூடாது என்று மட்டும் பழக்கியிருந்தார்கள்.

அம்மா வரவில்லையா என்று கேட்பான் என ஷாஸியா பயந்துகொண்டே நின்றாள். அவன் கேட்கவில்லை. எல்லோருக்கும் கைகூப்பிவிட்டு மறுபடி சைக்கிளில் ஏறிக்கொண்டான்.

பின்னால் ஆட்டோவில் ஷாஸியா, அல்ஃபியா, ராஜா முகமது மூன்று பேரும் போனார்கள். வீட்டுக்குப் போய் அவன் ஒரு வாய் தண்ணீர் குடித்ததும் தானே சொல்லிவிடுவதாக ராஜா முகமது சொன்னார். வேண்டாம், இத்தனை நாளும் பொய் சொன்னது நான், நானே சொல்கிறேன் என்றாள் ஷாஸியா. வழியெல்லாம் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். எங்கே ஆரம்பித்தாலும் இரண்டாவது வார்த்தையில் விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

வீட்டுக்குத் திரும்பும் தெருமுனை வந்தது. சைக்கிள் திரும்பவில்லை.

“ஏனுங்க, ஊடு இந்தப் பக்கமுங்க” என்று அவள் ஆட்டோவிலிருந்து எட்டிக் கூப்பிட்டாள். அவன் காதில் விழுந்ததா தெரியவில்லை. நேராகப் போய், பள்ளிவாசலையும் தாண்டி, பின்னாலிருந்த மையவாடியின் இரும்புக் கேட்டில் சைக்கிளை நிறுத்தினான்.

ஆட்டோ வந்து நிற்பதற்குள் மாலையைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டியிருந்தான். ஷூவைக் கழற்றிவிட்டு, குழாயடியில் கை, முகம், கால் கழுவினான். பையிலிருந்து தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான்.

ஷாஸியா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அனீஸ் கேட்டைத் திறந்துகொண்டு ராஜா முகமதுவின் பக்கம் திரும்பினான்.

“மாமா, அம்மா எந்தப் பக்கம்?”