மூச்சு விடும் இடம்

“எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல மூச்சு எங்க விடணும், தம்பி?”

ஓடி முடித்த அண்ணி முட்டிகளில் கைகளை ஊன்றிக் குனிந்து நின்றாள். ஒரு காதிலிருந்து ஒயர் கழன்று தொங்கியது.

அவன் போனைப் பார்த்தான். இரண்டு நிமிடம், நாற்பத்தொரு விநாடி.

பதினொரு விநாடி அதிகம்.

“நீ படிக்கிற கதைப் புத்தகத்து ஆளுக மாதிரி, இந்தப் பாட்டுக்காரங்களும் மூச்சே விட மாட்டாகளோ?”

அவன் சிரிக்கவில்லை. அவள் சொன்னது சரி.

அவன் ராப் கேட்பவன் இல்லை. பாடல்களைக் காதால் தேர்ந்தெடுக்கவுமில்லை. வரிகளைத் தேடி எடுத்து, வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையிலேயே அச்சிட்டு, கவிதைகளைப் படிப்பதுபோல் படித்தான். மூன்று பிடித்திருந்தன. ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டினான்.

இரண்டரை நிமிடத்துக்கு ஒரு பாடல் கலவை. அவள் கேட்டது அவ்வளவுதான்.

காவலர் தேர்வு. நானூறு மீட்டர், இரண்டரை நிமிடம். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். விதவைகளுக்கென்று தளர்த்திய வயது வரம்பும் இந்த ஆண்டோடு அவளுக்கு முடிகிறது.

இன்னும் பதினொரு நாள்.

அன்றைக்குக் காதில் எதையும் மாட்ட விடமாட்டார்கள். அதனால் முழுவதையும் மனப்பாடம் செய்து, வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஓடப் போகிறாள். மெல்லிசை என்றால் கால் நடக்கத் தொடங்கிவிடுகிறதாம்.

“வேற செஞ்சு தாறேன், மைனி.”

“மனுசங்க பாடுனதா பாத்து எடு.”

கடையில் கூட்டமில்லாத மதியம். கணினியில் பாடல்களை மறுபடி திறந்து, தாளத்தை நீக்கிக் குரலை மட்டும் பிரித்தான். திரையில் குரல் முள் முள்ளாக நின்றது. முட்களுக்கு நடுவே இடைவெளிகள்.

ஒரு இடைவெளியைப் பெரிதாக்கினான்.

வெறும் கோடு.

இன்னொன்று. அதுவும் கோடு.

பாடியவர் அங்கே மூச்சு இழுத்திருப்பார். இழுக்காமல் எப்படி முடியும்? பதிவு செய்தபிறகு யாரோ பொறுமையாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துடைத்திருக்கிறார்கள்.

துடைத்ததைப் பிடித்துக்கொண்டு அவள் ஓடியிருக்கிறாள்.

அதன்பிறகு அவன் வரிகளைப் படிக்கவில்லை. அர்த்தத்தையும் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மூச்சை மட்டும் தேடினான். பெரிய பாடல்களில் கிடைக்கவில்லை. மொட்டைமாடியில் போனில் எடுத்த பாடல்களில் கிடைத்தது. கல்லூரி விழா ஒன்றில் மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்துப் பாடிய பெண்ணிடம் கிடைத்தது. எட்டுச் சொல்லுக்கு ஒருமுறை இழுத்தாள். ஓட்டத்தின் தொடக்கத்துக்கு அவள்.

நடுவில், ரயில் பெட்டிக்குள் பாடும் இரண்டு பேர். ஒருவன் மூச்சு விடும் நேரத்தில் மற்றவன் பாடுகிறான்.

இரண்டு நிமிடம் ஆயிற்று.

கடைசி முப்பது விநாடிக்கு எதுவும் பொருந்தவில்லை. அங்கேதான் அவள் தளர்கிறாள். அங்கே வேகமும் வேண்டும், மூச்சும் வேண்டும். அவன் கேட்ட பாடகர்கள் எல்லோரும் ஒன்றை விட்டுவிட்டு மற்றதைப் பிடித்தார்கள்.

வீட்டு அலமாரியில் அண்ணனின் பழைய போன் இருந்தது. அதில் மெமரி கார்டு.

அண்ணன் பாடுவான். துறைமுக வாசலில் கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்கும்போது, தன் வண்டியின் கேபினுக்குள் உட்கார்ந்து தானே எழுதியதைப் பாடிப் பதிவு செய்வான். வீட்டுக்கு வந்தும் பாடுவான். இவன் கதவைச் சாத்திக்கொண்டு படிப்பான்.

ஒருமுறை அண்ணன் கதவைத் திறந்து போனை நீட்டினான். “கேட்டுப் பாருல.”

இந்தப் பக்கம் முடியட்டும் என்றான் இவன்.

முடிந்தபிறகு அடுத்த பக்கம் இருந்தது.

அண்ணன் போய் மூன்று வருடம். கார்டில் நாற்பது பதிவுகள். முதல் முறையாக எல்லாவற்றையும் கேட்டான். இன்ஜின் உறுமல். தூரத்தில் யாரோ அடிக்கும் ஹாரன். அதற்கு மேலே அந்தக் குரல்.

*நாலாம் கேட்டு, நாப்பது வண்டி, நடுவுல நான்.*

பிறகு வாயைத் திறந்து, நெஞ்சு நிறைய, ஒரு மூச்சு.

ஒவ்வொரு வரிக்கும் ஒன்று. தவறவேயில்லை. வேகம் கூடக்கூட மூச்சும் கூடவே ஓடியது. யாரும் அதைத் துடைக்கவில்லை.

முப்பது விநாடியை வெட்டிக் கடைசியில் ஒட்டினான். சரியாக இருந்தது. தட்டிப் பார்த்தான், எண்ணிப் பார்த்தான். மிகவும் சரியாக இருந்தது.

மாலையில் அவள் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

“மைனி, கடைசியில அண்ணன் இருக்கான். கேட்டுப் பாருங்க. வேண்டாம்னா எடுத்துரலாம்.”

அவள் துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஒயரை வாங்கினாள்.

முதலில் உதடுகள் அசைந்தன. அந்தப் பெண்ணோடு மூச்சு இழுத்தாள். ரயில்காரர்களுக்குத் தலையை ஆட்டினாள். நின்ற இடத்திலேயே குதிகால் எழுந்து எழுந்து இறங்கியது.

பிறகு குதிகால் நின்றது.

பாட்டு முடிந்தபிறகும் அவள் ஒயரைக் கழற்றவில்லை. அவன் போன் திரையைப் பார்த்தான். இரண்டு நிமிடம் முப்பது. அங்கேயே நின்றிருந்தது.

“இதத்தான் தேடிட்டு இருந்தோம்” என்றாள். “சரியா இருக்கு.”

“ஆமா, மைனி.”

“ஆனா அவுக பேச்சு கேட்டா நான் நின்னுருவேன், தம்பி.”

கொடியில் மிச்சமிருந்த ஒரு சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகனுடைய பள்ளிச் சட்டை.

“பேச்சையெல்லாம் எடுத்துட்டு, மூச்சை மட்டும் வச்சுத் தருவியா?”