கேஸா, கரண்டா?

"கரண்ட் அடுப்புதான் வாங்கணும்னு உனக்கு யாரு சொல்லிக் கொடுத்தது?"

கணக்கு டீச்சர் இப்படிக் கேட்டதும், சமையல்காரி துடைத்துக்கொண்டிருந்த தட்டைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். எதிரே உட்கார்ந்திருந்த அடுப்புக் கடைக்காரர், விரித்த படப் புத்தகத்தை மூடுவதா வேண்டாமா என்று தெரியாமல் விழித்தார். அளவெடுக்க வந்த இடத்தில் விசாரணை நடக்கும் என்று அவர் என்ன கனவா கண்டார்?

"யாரும் சொல்லல டீச்சர். துடைக்க லேசா இருக்கும்னு சொன்னேன்."

"எட்டு வருஷமா இந்தக் கேஸ் அடுப்பைத் துடைச்ச கை, இப்ப மட்டும் வலிக்குதா?"

முப்பத்து மூன்று வருடம் வகுப்பில் காப்பியடிப்பவர்களைப் பிடித்துப் பழகியவர் டீச்சர். ஓய்வு பெற்ற பிறகு பிடிப்பதற்கு ஆள் இல்லை. இந்த ஒருத்திதான் மிச்சம்.

"விஷயத்தைக் கேளுங்க சார்," என்று கடைக்காரர் பக்கம் திரும்பினார். "வெளியூர்ல இருக்கிற என் மக, 'தனியா இருந்தது போதும்மா, ஹோம்ல சேர்ந்துடு'ன்னு ரெண்டு வருஷமா உயிரை வாங்குறா. எனக்கு முடியலைன்னு காட்ட ஒரே ஒரு காரணம் கிடைச்சாப் போதும், ஓடி வந்து வீட்டைப் பூட்டிடுவா. அந்தக் காரணத்தைத் தேடிக் கொடுக்கத்தான் இவளை வேவு வெச்சிருக்கா."

"அடுப்பு வாங்குறதுல வேவு எங்கம்மா வந்துச்சு?"

"சொல்றேன். ஏழு மணிக்கு வர வேண்டியவ, நாலு மாசமா ஆறு மணிக்கே வந்து நிக்கிறா. நான் டீ போடப் போனா, 'நகருங்க, நகருங்க'ன்னு குறுக்கே விழறா. போன வாரம் பால் தீஞ்சு பாத்திரமே கரியாச்சு. இவ அடுப்புகிட்டயே நிக்கிறா, அணைக்கல! பக்கத்துல பேப்பர் படிச்சிட்டிருந்த என் முகத்தையே பார்க்கிறா. திமிர்தானே இது?"

கடைக்காரர் சமையல்காரியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"என் மக வாராவாரம் உனக்கு ஃபோன் பண்றாளா இல்லையா?"

"பண்றாங்க."

"என்ன கேக்குறா?"

"அம்மா எப்படி இருக்காங்கன்னு கேப்பாங்க. நல்லா இருக்காங்கன்னு சொல்லுவேன்."

"அதுக்குப் பத்து நிமிஷமா? அவ்வளவு நல்லாவா இருக்கேன் நான்?"

கடைக்காரர் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார்.

"கரண்ட் அடுப்பு வந்துட்டா, 'பாத்தீங்களா, உங்க அம்மாவால கேஸைக்கூடச் சமாளிக்க முடியல'ன்னு சொல்லிடலாம். அதானே திட்டம்? சார், நாலு பர்னர் கேஸ் அடுப்பு. எழுதிக்குங்க."

"வேண்டாம் டீச்சர்." சமையல்காரியின் குரல் தடித்தது. "கேஸ் வெச்சீங்கன்னா நான் இங்க வேலை பார்க்க மாட்டேன்."

"ரொம்ப நல்லது. நாளையிலேருந்து வராதே. சாவியை வெச்சுட்டுக் கிளம்பு."

போன மாதம்தான் இன்னொரு வீட்டில் அவளை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். பள்ளியில் படிக்கிற இரண்டு பிள்ளைகளுக்கும் சோறு இந்த ஒரு வீட்டை நம்பித்தான். ஆனாலும் அவள் கெஞ்சவில்லை. கெஞ்சினால் அதையும் நடிப்பு என்பார்கள். சாவியை மேசையில் வைத்துவிட்டு வாசலுக்குப் போனாள்.

"உட்காருங்க சார். டீ நானே போடுறேன். என் வீட்டுல எனக்கு எவ துணையும் வேண்டாம்."

டீச்சர் சமையலறைக்குள் போனார். பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு லைட்டர் டிக், டிக், டிக் என்று ஏழெட்டு முறை அடித்தது. முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"போறப்ப லைட்டரையும் கெடுத்து வெச்சுட்டா, மகராசி."

வாசலில் ஒரு காலில் மட்டும் செருப்பு மாட்டியிருந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். "நான் வந்து பத்த வெச்சுட்டுப் போயிடறேன் டீச்சர்."

"அங்கேயே நில்லு! இனிமே என் அடுப்புப் பக்கம் வந்தே, மரியாதை கெட்டுடும்."

"இதுல ஒரு கையெழுத்தும்மா," என்று கடைக்காரர் தாளை நீட்டினார், சண்டையை எப்படியாவது முடித்துவிட்டுக் கிளம்பும் அவசரத்தில். டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தினார். கையெழுத்துப் போட்டார். மேசை இழுப்பறையைக் குடைந்து தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் நடந்தார்.

செருப்பை உதறிவிட்டு ஓடி வந்தாள் சமையல்காரி. டீச்சரைத் தோளால் தள்ளிவிட்டு உள்ளே பாய்ந்தாள். டீச்சர் தடுமாறிச் சுவரைப் பிடித்தார். உள்ளே ஜன்னல்கள் ஒவ்வொன்றாகப் படார் படாரென்று திறந்தன.

"பார்த்தீங்களா சார், பார்த்தீங்களா? போகச் சொன்ன பிறகும் என்னையே தள்ளிட்டு ஓடுறா!" டீச்சர் ஒரு குச்சியை உருவினார்.

கடைக்காரர் எகிறி வந்து அதைப் பிடுங்கினார். அவருடைய இன்னொரு கை மூக்கைப் பொத்தியிருந்தது.

"வீடு முழுக்க கேஸ் நாத்தம் குமட்டுதேம்மா! உங்களுக்கு வரவே இல்லையா?"

டீச்சர் மூச்சை இழுத்துப் பார்த்தார். மறுபடியும் இழுத்துப் பார்த்தார்.

"நாலு மாசமா அவங்களுக்கு எந்த வாசனையும் தெரியலண்ணே," உள்ளேயிருந்து சமையல்காரி இருமிக்கொண்டே சொன்னாள். "தயவுசெஞ்சு அவங்க மககிட்ட சொல்லிடாதீங்க. நான் இன்னும் சொல்லல."