பதினெட்டுக் குஞ்சுகள்

எங்கள் மலாவி ஏரி மீன்களில் சில, மூன்று வாரம் பட்டினி கிடந்து வாய்க்குள்ளேயே அடைகாக்கும். குஞ்சுகள் வெளியே வந்த பிறகும், சத்தம் கேட்டால் தாயின் வாய்க்குள் ஓடிவிடும்.

என் கணவர் லிம்பானி கதவை அறைந்துதான் சாத்துவார். உடனே, தாயையும் குஞ்சுகளையும் தனியாக விட்டிருந்த சின்னத் தொட்டியில், பதினெட்டுக் குஞ்சுகளும் தாயின் வாய்க்குள் போய்விடும். அவை மறுபடி வெளியே வந்ததும் எண்ணுவேன்.

"தினமும் எண்ணுறியே சியோனே, கூடிடவா போகுது?"

"கதவை மெதுவா சாத்துங்க. பாவம், தாய் பசியில கிடக்குது."

அந்தப் பாவம் பார்த்துத்தான், நிம்மதியாகத் தின்னட்டும் என்று, உடம்பு தேறும் முன்பே தாயை மட்டும் அவசரப்பட்டுப் பெரிய தொட்டிக்கு மாற்றினேன். அங்கிருந்த ஆண்மீன்கள் அதைத் துரத்தியே கொன்றுவிட்டன. மாமரத்தடியில் புதைத்தேன்.

மறுநாள் மதியம் லிம்பானி உசிப்பா மீன் கூடையோடு வந்து கதவை அறைந்தார். குஞ்சுகள் பதறி, தாய் வழக்கமாக நிற்கும் கல்லோரம் கூடின. ஒவ்வொன்றாக முன்னால் நீந்தி மறைந்தன. தொட்டியில் கல்லும் தண்ணீரும்தான் மிச்சம்.

"எங்கடி போச்சு எல்லாம்?"

"பேசாம நில்லுங்க. சத்தம் அடங்கினா வரும்."

நின்றோம். தட்டில் சோளக்களி ஆறியது. பிறகு அதே இடத்தில், வெறும் தண்ணீரிலிருந்து, குஞ்சுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. இருவரும் வாய்விட்டே எண்ணினோம்.

பத்தொன்பது.

லிம்பானி மெல்ல நடந்துபோய்க் கதவில் கை வைத்தார்.

"இன்னொரு தடவை பாக்கலாமா?"