உதட்டோரத்துச் சர்க்கரை
துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரச் சுகாதார அலுவலகத் தாழ்வாரத்தில் நர்சுகள் நாங்கள் தரையில் உட்கார்ந்திருக்கிறோம். மூடிய கதவுக்குள் எங்கள் இரவுப் பணியைக் குறைக்கச் சொல்லி அதிகாரிகளோடு பேசுகிறாள், நாங்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய நஜீஹா. உள்ளே போன் கூடாதென்பதால் வெளியே கூடையில் அவள் போட்டுவிட்டுப் போன போன் மின்னி மின்னி அணைகிறது. உள்ளே சிரிப்புச் சத்தம். இடைவேளையில் கதவு திறக்க, ஆரஞ்சுப் பூநீர் விட்ட காப்பி வாசத்தோடு வருகிறாள். உதட்டோரம் ஒட்டிய சர்க்கரைத் தூள் வெயிலில் மினுங்குகிறது. “என்னடி பேசினீங்க?” என்று கேட்கிறேன். “முடியற வரைக்கும் வெளிய சொல்லக்கூடாது.” “உள்ள குடுத்த கேக்காவது எப்படி இருந்துச்சு?” சட்டென்று உதட்டைத் துடைத்துக்கொண்டு மறுபடி உள்ளே போகிறாள். “நம்மகிட்டயே என்ன ரகசியம் இவளுக்கு?” என்று பொருமுகிறேன். பக்கத்தில் மோன்ஜியா சிரிக்கிறாள். “கதவ மூடிப் பேசலாம்னு நம்ம கூட்டத்துல மொதல்ல கை தூக்கினவ நீதானேடி?” “உள்ள போகப்போறது நான்னுல்ல நெனச்சேன்!”