மேல்வீட்டுச் சூடு

லைப்ஸிக் நகரின் பழைய குடியிருப்பு அது. பராமரிப்பாளர் மார்கோ, அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் மீட்டரைக் குறித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"ரோஸ்வித்தா அம்மா, யாரும் உட்காராத முன்னறையில இருபத்திநாலு டிகிரி. நீங்க சமையலறையில கம்பளி போத்திட்டு இருக்கீங்க. இந்த வருஷம் பில்லு முந்நூறு யூரோ கூட வரும்."

"வரட்டும்."

"மேல்வீட்டு மனுஷன் மூணு குளிர்காலமா ரேடியேட்டர் திருகைத் தொடவே இல்ல. உங்க முன்னறைச் சூடு சீலிங் வழியா அவர் அறைக்கு ஏறுது, அவர் ஓசியில குளிர்காயுறார். இதுல கையெழுத்துப் போடுங்க, புகார் குடுத்துடலாம்."

அவள் பேனாவை வாங்கவில்லை. அப்போது, மேல்வீட்டிலிருந்து இறங்கும் ரேடியேட்டர் குழாயை யாரோ இரண்டு முறை தட்டினார்கள்.

"பாருங்க, பத்தலையாம். இன்னும் கூட்டச் சொல்றார்."

"இல்லப்பா. குறைக்கச் சொல்றார்."

"அது எப்படி உங்களுக்குத் தெரியும்?"

"முப்பத்தொரு வருஷம் அவருக்குப் பொண்டாட்டியா இருந்தேன். நான் திருகை நாலாம் எண்ணுல வைப்பேன். பின்னாலயே வந்து ரெண்டுக்கு இறக்கிடுவார். கால் மரத்துப்போனாலும் ஒத்துக்கமாட்டார். அந்தச் சண்டையிலதான் விவாகரத்தாகி மாடிக்குப் போனார்."

மறுபடியும் குழாய் ஒலித்தது.

ரோஸ்வித்தா எழுந்து முன்னறைக்குப் போனாள். திருகின் மேல் சற்று நேரம் கையை வைத்திருந்தாள். பிறகு நாலிலிருந்து ஐந்துக்குத் திருப்பினாள்.

"இப்ப அவர் கை எட்டாது" என்றாள்.