இறங்கிக்கொண்டே வந்த எண்

எதிர்வீட்டுக் கதை நமக்கெதற்கு என்று இருக்கத்தான் பார்த்தேன். ஆனால் ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்யும் அய்யாவு தினமும் என் வாசல் வழியாகத்தானே வீட்டுக்குப் போகிறான்!

எதிர்வீட்டுச் சீதாலெட்சுமியின் குழந்தைக்குப் பிறந்த மறுநாளே காய்ச்சல். உடம்பில் கிருமி இருந்தால் ஏறும் சி.ஆர்.பி. என்ற எண்ணை ரத்தத்தில் பார்த்தார்கள். முதலில் நாற்பது, பிறகு தொண்ணூறு. மூன்றாம் நாள் பெயர் வைக்காமலே புதைத்தோம். என் வீட்டுக்காரரும் மண் போட்டார்.

மறுநாள் அய்யாவு வந்தான். “அக்கா, அந்தப் புள்ளையோட ரத்தம் இன்னும் டெஸ்டுக்கு வருதுலா.”

“நீங்க லேபிள் ஒட்டுற லட்சணம் தெரியாதா? வேற புள்ளையோடதா இருக்கும்.”

“சீதாலெட்சுமி பேபின்னு ஒண்ணுதான்க்கா. வார்டுல யாருமே எடுக்கலையாம். ஆனா டியூப் சூடா இருக்கு.”

எழுபது, முப்பது, பதினைந்து என்று எண் இறங்கியது. நேற்று ஐந்து. குணமான குழந்தைக்கு வரும் எண்ணாம் அது. என் வாய் சும்மா இருக்குமா? அவளிடம் சொல்லிவிட்டேன்.

இன்று காலை சீதாலெட்சுமி குட்டிக் குல்லாவும் துண்டுமாகக் கிளம்பினாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ் வந்து நின்றது. அவள் ஏறவில்லை. இடுகாட்டுப் பக்கம் வேகமாக நடந்தாள்.